எங்கள் வீதி நிறம் மாறும் வரிசை

ஒக்டோபர் பிறந்துவிட்டால் ஸ்காபரோவில் சனி, ஞாயிறுகளில் யாரையும் வீட்டில் பிடிக்க முடியாது. அல்கோன்குயின் பூங்காவில் மேப்பிள் சிவந்துவிட்டது என்று யாராவது வட்ஸ்அப்பில் ஒரு படம் போட்டிருப்பார்கள். றோல்ஸ், இடியப்பம், தேநீர்ப் போத்தல் எல்லாம் காரில் ஏறிவிடும். மூன்று மணி நேரம் வடக்கே ஓடி, பூங்கா வாசலில் வரிசையில் நின்று, ஒரு குன்றில் ஏறிப் படம் எடுத்துக்கொண்டு இரவு திரும்புவார்கள். அந்த அழகை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். மலை முழுவதும் செம்மஞ்சளாய் எரியும் காட்சியை வாழ்நாளில் ஒருமுறையாவது பார்க்கத்தான் வேண்டும்.

ஆனால் திரும்பி வந்து காரை நிறுத்தும் இடத்தில், தங்கள் வாசலிலேயே நிற்கும் மரத்தை அவர்கள் நிமிர்ந்து பார்ப்பதில்லை. எனக்கு அதில் மனவருத்தம் உண்டு. நான் ஊரில் புவியியல் படிப்பித்தவன். நிலத்தைப் பார்த்தால் அங்கே முன்பு என்ன இருந்தது, யார் மாற்றினார்கள் என்று கேட்பது என் பழக்கம். காட்டில் மரங்கள் தம்பாட்டில் முளைத்துத் தம்பாட்டில் நிறம் மாறுகின்றன. வீதி மரம் அப்படி வந்ததல்ல. யாரோ தேர்ந்தெடுத்து, யாரோ காசு கொடுத்து, யாரோ குழி தோண்டி வைத்தது. ஏன் இந்த இனம், ஏன் இந்த வரிசை, ஏன் இந்த வயது என்ற ஒவ்வொரு கேள்விக்கும் பதில் இருக்கிறது. கோடையில் எல்லாம் ஒரே பச்சை, ஒன்றும் தெரியாது. செப்ரெம்பர் கடைசியில் தொடங்கி நவம்பர் நடுப்பகுதி வரைதான் ஒவ்வொரு மரமும் தன் இனத்தைச் சொல்லும். இனம் தெரிந்தால், அது நடப்பட்ட காலமும் தெரிந்துவிடும்.

இந்த ஊரின் தொடக்கம் மரத்தை நடுவதில் இல்லை, வெட்டுவதில் இருந்தது. 1793 இல் யோர்க் என்ற பெயரில் நிறுவப்பட்டு 1834 இல் ரொறன்ரோ ஆன நகரம், அடர்ந்த காட்டை வெட்டி எரித்து உண்டாக்கியது. ஸ்காபரோவும் அப்படித்தான். 1796 இல் டேவிட் தொம்சனும் மேரி தொம்சனும் முதற் குடியேறிகளாக வந்து குடிசை போட்டார்கள். இன்று பிறிம்லி வீதியோரம் இருக்கும் தொம்சன் நினைவுப் பூங்கா அவர்கள் குடும்பப் பெயரில் இருப்பதுதான். காட்டை அழித்தால்தான் கோதுமை. மரம் நிற்கும் நிலம் அவர்களுக்குச் செய்து முடிக்காத வேலை. 1836 டிசம்பரில் ரொறன்ரோவுக்கு வந்த ஆங்கில எழுத்தாளர் அன்னா ஜேம்சன், கனடாக் குடியேறி மரத்தைப் பகையாளியாகவே பார்க்கிறான் என்று தன் பயண நூலில் எழுதி வைத்தார். வீட்டைச் சுற்றி ஒரு நிழல்மரம்கூட விடாமல் வெட்டித் தள்ளுவதைக் கண்டு அவர் மனம் நொந்திருக்கிறார்.

அதன் விளைவை இரண்டு தலைமுறை கழித்து உணர்ந்தார்கள். காற்றைத் தடுக்க ஒன்றும் இல்லை. வெயிலில் வீதி வெந்தது, ஊற்றுகள் வற்றின. 1871 இல் ஒன்ராறியோ அரசு நெடுஞ்சாலை ஓரங்களில் மரம் நடுவதை ஊக்குவிக்க ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதிலே ஒரு நுட்பம்: சாலையோரம் நட்ட மரம் யாருக்குச் சொந்தம் என்றால், பக்கத்து நிலத்துக்காரனுக்கே சொந்தம். வேலிக் கதியால் யாருடைய பக்கம் என்று நீதிமன்றப் படியேறிய யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தவனுக்கு இந்தச் சட்டத்தின் அருமை சொல்லாமலே விளங்கும். சொந்தம் என்று எழுதிக் கொடுத்தால்தான் மனிதன் தண்ணீர் ஊற்றுவான்.

அதுவும் போதவில்லை. 1883 இல் இன்னொரு சட்டம் வந்தது. சாலையோரம் நட்டு வளர்த்த ஒவ்வொரு மரத்துக்கும் 25 சதம் வரை ஊக்கத்தொகை. சும்மா குச்சியை ஊன்றிவிட்டுக் காசு வாங்க முடியாது. மரம் உயிரோடும் நல்ல வடிவோடும் நிற்கிறதா என்று பார்வையாளர் ஒருவர் வந்து பார்த்துச் சொல்ல வேண்டும். மேப்பிள், எல்ம், ஆஷ், ஓக் என்று எந்தெந்த மரத்துக்குக் காசு என்ற பட்டியலும் சட்டத்திலேயே இருந்தது. அதே ஆண்டில் மாகாணம் ஆர். டபிள்யூ. பிப்ஸ் என்பவரைக் காட்டுவளத்துக்கான எழுத்தராக நியமித்தது. காடு அழிந்தால் மண்ணும் நீரும் என்னவாகும் என்று விவசாயிகளுக்குச் சொல்லிச் சொல்லி அறிக்கை எழுதியவர் அவர். ஒன்ராறியோக் கிராமச் சாலைகளில் இன்று இருமருங்கும் கிழட்டுச் சீனி மேப்பிள்கள் வரிசையாய்ச் சிவந்து நிற்பதைக் கண்டால், அந்த வரிசைகளுக்குப் பின்னால் அந்தக் காலத்துச் சட்டங்களும் 25 சதமும் இருக்கின்றன. காட்டு மரம் அளவெடுத்து வரிசையில் முளைக்காது.

நகரத்துக்கு மரம் எங்கிருந்து வந்தது? குயின் வீதி கிழக்கில் லெஸ்லிவில் என்று ஒரு பகுதி இருக்கிறது. இன்று கோப்பிக் கடைகளும் விலையேறிய வீடுகளும் நிறைந்த இடம். அந்தப் பெயர் ஜோர்ஜ் லெஸ்லி என்ற ஸ்கொட்லாந்துக்காரருடையது. அவர் 1840களில் தொடங்கிய 'ரொறன்ரோ நேர்சரீஸ்' அந்தக் காலத்துக் கனடாவின் மிகப் பெரிய நாற்றுத் தோட்டங்களில் ஒன்று. பழமரம், நிழல்மரம், பூஞ்செடி எல்லாம் அங்கே பதியம் போட்டு விற்றார்கள். தோட்ட வேலையாட்கள் குடியிருந்த வீடுகளும், அவர்கள் பிள்ளைகள் படித்த பள்ளியும் சேர்ந்துதான் லெஸ்லிவில் ஊரானது.

அந்தப் பகுதியில் ஆசிரியராக இருந்தவர் அலெக்சாண்டர் மியூர். 1867 இல் கனடா கூட்டாட்சி பிறந்த ஆண்டில் 'த மேப்பிள் லீஃப் ஃபொர் எவர்' என்ற பாட்டை எழுதினார். அவரும் லெஸ்லியும் நடந்து போகையில் ஒரு மேப்பிள் இலை சட்டைக்கையில் வந்து விழுந்து ஒட்டிக்கொண்டது, அதில்தான் பாட்டுப் பிறந்தது என்பது ஊர்க்கதை. அந்த இலையை உதிர்த்தது என்று சொல்லப்பட்ட மரம் லெயிங் வீதியில் வெகுகாலம் நின்றது. 2013 ஜூலை 19 ஆம் திகதி அடித்த புயலில் அது விழுந்தது. விழுந்த மரத்தை நகரசபை குப்பையாக்கவில்லை. பலகைகளாக அறுத்துத் தச்சர்களுக்கும் கலைஞர்களுக்கும் கொடுத்தது. அது உண்மையில் மியூர் பார்த்த மரந்தானா என்று சந்தேகிப்பவர்கள் உண்டு. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு. அது வெள்ளி மேப்பிள். இலையுதிர் காலத்தில் வெள்ளி மேப்பிள் பெரும்பாலும் சிவக்காது; வெளிறிய மஞ்சளாகி உதிரும். ஆங்கிலக் கனடா முழுவதும் பாடிய மேப்பிள் பாட்டுக்கு மூலம் என்று கொண்டாடப்பட்ட மரம், கொடியில் இருக்கும் சிவப்பை ஒருபோதும் காட்டியிருக்காது.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ரொறன்ரோவின் உண்மையான இலையுதிர் நிறம் சிவப்பு அல்ல, மஞ்சள். அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். 1965 பெப்ரவரி 15 ஆம் திகதி ஏற்றிய கொடியில் இருக்கும் பதினொரு முனைச் சிவப்பு இலையை மனதில் வைத்துக்கொண்டு வீதியில் இறங்குபவர்களுக்கு எங்கள் வீதி ஏமாற்றமாகத்தான் இருக்கும். வடக்கே ஓடுவதற்கு அதுவும் ஒரு காரணம். இன்னொரு காரணம் ஓவியர்கள். 1917 இல் அல்கோன்குயினின் கனூ ஏரியில் இறந்துபோன ரொம் தொம்சனும், 1920 இல் 'குறூப் ஒஃப் செவன்' என்று சேர்ந்த அவர் நண்பர்களும் வடக்கின் எரியும் மரங்களைத் தீட்டித் தீட்டி, கனடாவின் இலையுதிர் காலம் என்றால் ஆளில்லாத காடு என்று எல்லோர் மனதிலும் பதித்துவிட்டார்கள். அவர்களுடைய ஓவியக்கூடமோ ரொறன்ரோ ரோஸ்டேல் பள்ளத்தாக்கின் ஓரத்தில்தான் இருந்தது. வாசலுக்கு வெளியே மரம் இல்லாமலா இருந்திருக்கும்?

வீதி மரத்தின் நிறத்தை மதித்து எழுதிய ஒருவரும் உண்டு. அமெரிக்காவின் கொன்கோர்ட் ஊரில் வாழ்ந்த ஹென்றி டேவிட் தோரோ இலையுதிர் நிறங்களைப் பற்றி எழுதிய நீண்ட கட்டுரை, அவர் இறந்து சில மாதங்கள் கழித்து, 1862 ஒக்டோபரில் 'அட்லான்டிக் மன்த்லி' இதழில் வெளிவந்தது. தன் ஊர்ப் பொதுவெளியில் நட்ட மேப்பிள்களையும் தெருவை மூடிய எல்ம்களையும் ஊரின் செல்வம் என்று அவர் கணக்கிட்டார். ஆங்கிலக் கவிதையில் இந்த நிறங்கள் அதிகம் இல்லாததற்கு அங்கே மரங்கள் இவ்வளவு ஒளிர்வதில்லை என்பதே காரணம் என்றும் சொன்னார். அதில் தாவரவியல் உண்மை இருக்கிறது. மஞ்சள் நிறமி இலைக்குள் கோடை முழுவதும் இருக்கும். நாள் குறுகிக் குளிர் வந்து பச்சையம் சிதைந்ததும் வெளியே தெரியும். சிவப்பு அப்படியல்ல. அது இலை சாகும் தறுவாயில் புதிதாக ஆக்கும் நிறமி. பகலில் நல்ல வெயிலும் இரவில் உறையாத குளிரும் வேண்டும். இலைக்குள் சர்க்கரை தேங்க வேண்டும். கிழக்கு வட அமெரிக்காவின் மரங்களில் பல அதைச் செய்கின்றன. ஐரோப்பிய மரங்களில் மிகச் சிலவே செய்கின்றன.

ஐரோப்பிய மரம் எப்படி எங்கள் வீதிக்கு வந்தது என்பது ஒரு சாவின் கதை.

பழைய ரொறன்ரோ வீதிகளின் அரசி அமெரிக்க எல்ம். அடிமரம் நேராக உயர்ந்து, மேலே கிளைகள் வளைந்து விரிந்து, எதிர்ப்பக்க மரத்தோடு சேர்ந்து வீதிக்கு மேல் வளைவுகட்டும். பழைய ஒளிப்படங்களில் அந்தக் கூரையைப் பார்க்கலாம். ஒக்டோபரில் அது முழுவதும் மஞ்சளாகும். எங்கள் வீதியில் முதலில் குடிவந்தவர்களில் ஒரு ஸ்கொட்டிஷ் மூதாட்டி கடைசி வரை இருந்தார். தான் சிறுமியாய் வளர்ந்த வீதியில் எல்ம் இலைகளைக் கூட்டி ஓரத்தில் குவித்துக் கொளுத்துவார்கள் என்றும், இலையுதிர் காலம் என்றாலே அந்தப் புகை மணந்தான் நினைவு வரும் என்றும் என் மனைவியிடம் சொல்வார்.

எல்மைக் கொன்றது ஒரு பூஞ்சை. பட்டைக்குள் துளைக்கும் சிறு வண்டுகள் அதை மரத்துக்கு மரம் காவித் திரிந்தன. நெதர்லாந்தில், பெரும்பாலும் பெண் ஆய்வாளர்கள், 1920களில் அதை முதலில் கண்டறிந்தார்கள். நோயைக் கண்டுபிடித்த நாட்டின் பெயரே நோய்க்கும் ஒட்டிக்கொண்டது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கியூபெக்கில் காணப்பட்டது. அங்கிருந்து மேற்கே வந்து 1960களிலும் 70களிலும் ரொறன்ரோவின் எல்ம்களில் பெரும்பாலானவற்றைத் தின்றுவிட்டது. கோடை நடுவில் ஒரு கிளை மட்டும் மஞ்சளாகிச் சுருங்கும். அடுத்த ஆண்டு பாதி மரம். பிறகு அறுவைவாள். வீதி வீதியாக வெட்டி அகற்றினார்கள்.

வெறுமையான வீதிகளுக்கும், போருக்குப் பின் வயல்களில் முளைத்த புதுக் குடியிருப்புகளுக்கும் ஒரே நேரத்தில் மரம் வேண்டியிருந்தது. எங்கள் வீதியும் அப்படி 1950களில் விளைநிலத்தைப் பிரித்து உண்டாக்கியதுதான். வேகமாக வளர வேண்டும், உப்பைத் தாங்க வேண்டும், இறுகிய மண்ணைத் தாங்க வேண்டும், மலிவாய்க் கிடைக்க வேண்டும். உள்நாட்டுச் சீனி மேப்பிள் இந்தத் தேர்வில் தேறாது. மாரியில் வீதிக்குக் கொட்டும் உப்பும், கார்ச் சில்லு அமுக்கிய மண்ணும் அதற்கு ஒத்துவராது. தேறியது நோர்வே மேப்பிள். 1756 இல் பிலடெல்பியாவின் ஜோன் பார்ட்ரம் இங்கிலாந்தில் இருந்து தருவித்து வளர்த்த அலங்கார மரம், இருநூறு ஆண்டு கழித்து எல்மின் இடத்தைப் பிடித்தது. இன்றும் ரொறன்ரோ வீதிகளில் மிக அதிகமாக நிற்பது அதுதான்.

அதை அடையாளம் காண்பது சுலபம். இலைக்காம்பை ஒடித்தால் பால் வடியும். சீனி மேப்பிளில் வடியாது. எங்கள் பிள்ளைகளுக்கு இதை ஒருமுறை காட்டினால் போதும், ஊரில் ஆலமும் பலாவும் அறிந்த பேரன்மாரின் பேரன்கள் அல்லவா, மறக்கமாட்டார்கள். கோடை முடிவில் இலையில் தார் தெறித்ததுபோல் கரும்புள்ளிகள் தெரிந்தால் அது ஒரு பூஞ்சை; பார்க்கச் சகிக்காது, மரத்துக்குப் பெரிய கேடு இல்லை. 2012 இல் வந்த புதிய இருபது டொலர் பிளாஸ்டிக் நோட்டில் இருக்கும் இலை நோர்வே மேப்பிள்போல இருக்கிறது என்று தாவரவியலாளர் ஒருவர் சொல்லப் பெரிய வாதம் எழுந்தது. அது எந்த இனத்தையும் குறிக்காத கலை வடிவம் என்று கனடா வங்கி பதில் சொன்னது. எங்கள் வீதியில் வளர்ந்தவன் எவனும் அந்தத் தாவரவியலாளர் பக்கந்தான் நிற்பான்.

நோர்வே மேப்பிள் தன் பழைய நாட்டின் நாள்காட்டியை விடவில்லை. உள்ளூர் மரங்கள் நிறம் மாறி உதிர்ந்து முடியும்போது அது இன்னும் பச்சை. நவம்பர் முதல் கிழமையில் திடீரென்று பொன் மஞ்சளாகும். அந்தச் சில நாட்கள், மாலை நான்கு மணிச் சாய்வெயிலில், எங்கள் வீதி முழுவதும் ஒரே பொன். வீட்டுக்குள்ளே சுவரெல்லாம் அந்த ஒளி விழும். கடுங்குளிர் இரவு ஒன்று வந்தால் எல்லாம் கொட்டிவிடும். அந்தப் பொன்னை நான் மனமார நேசிக்கிறேன். அதேவேளை அது எல்ம் இறந்த இடத்தில் நிற்கும் மரம் என்பதையும், அதன் அடர்ந்த நிழலிலும் மேல்மண்ணில் பரவும் வேரிலும் வேறொன்றும் வளராது என்பதையும், அதன் விதை காற்றில் பறந்து பள்ளத்தாக்குக் காடுகளைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதையும் மறைக்க முடியாது. நகரசபை இப்போது அதை நடுவதில்லை.

பள்ளத்தாக்குகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரொறன்ரோவின் நடுவே ஆறுகளும் ஓடைகளும் அறுத்த ஆழமான பள்ளங்கள் காடாகவே இருக்கின்றன. நிலவிலை இப்படி ஏறிய நகரத்தில் அவை ஏன் வீடாகவில்லை? 1954 ஒக்டோபர் 15 இரவு ஹேசல் புயல் மழையாய்க் கொட்டியது. ஹம்பர் ஆறு பெருகி ரேமோர் டிரைவ் என்ற வீதியின் ஒரு பகுதியையே அடித்துப் போனது. அங்கே மட்டும் 35 பேர் இறந்தார்கள். ஒன்ராறியோவில் மொத்தம் 81 பேர். அதன் பிறகு ஆற்றுத் தாழ்நிலங்களில் வீடு கட்டத் தடை வந்தது. 1957 இல் அமைத்த இயற்கைவளப் பாதுகாப்பு அதிகாரசபை பள்ளத்தாக்கு நிலங்களைப் பொதுச் சொத்தாக்கியது. ஒக்டோபரில் மோர்னிங்சைட் பூங்காவில் இறங்கி ஹைலண்ட் ஓடையோரம் நடப்பவர்கள் காணும் சீனி மேப்பிளின் செம்மஞ்சளும் ஓக்கின் செம்பழுப்பும், அந்த இரவில் இறந்தவர்களால் எங்களுக்குக் கிடைத்தவை. நான் இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. காரணமும் விளைவும் நேராகவே இணைந்திருக்கின்றன. அல்கோன்குயின் வரை போகாமல் சிவப்புப் பார்க்க விரும்புகிறவர்களை நான் அங்கேதான் அழைத்துப் போவேன். ஒக்டோபர் கடைசியில் போனால் இன்னொன்றும் தெரியும்: எல்லாம் உதிர்ந்த சரிவில் அங்கங்கே பச்சையாய் நிற்பவை, வீதியில் இருந்து தப்பி இறங்கிய நோர்வே மேப்பிள்கள். எவ்வளவு தூரம் இறங்கிவிட்டன என்று எண்ணிப் பார்க்க அதைவிட நல்ல வாரம் இல்லை.

வரிசையில் முதலாவதாக நிறம் மாற வேண்டியது இப்போது எங்கள் வீதியில் இல்லை. அது ஆஷ். பச்சை ஆஷ் செப்ரெம்பரிலேயே எலுமிச்சை மஞ்சளாகும். வெள்ளை ஆஷ் அதைவிட அபூர்வம். மரத்தின் வெளிப்புறம் திராட்சை நிறத்தில் கறுத்துச் சிவந்து, உள்ளே மஞ்சள் தங்கும். அந்த ஊதாவை வேறு எந்த வீதி மரமும் எங்களுக்குத் தந்ததில்லை. எல்ம் போன பிறகு நோர்வே மேப்பிளோடு ஆஷையும் ஏராளமாக நட்டிருந்தார்கள். ஓர் இனத்தையே நம்பிக் கெட்டதில் இருந்து முழுப் பாடம் படிக்கவில்லை. 2002 இல் டிட்ரோயிட்டிலும் வின்சரிலும் மரகதப் பச்சை நிறத்தில் ஒரு சிறு வண்டைக் கண்டார்கள். ஆசியாவில் இருந்து பொதிப் பலகைகளில் வந்திருக்கலாம் என்று நம்பப்படுகிறது. 2007 இல் அது ரொறன்ரோவில் இருந்தது. புழு பட்டைக்கு அடியில் வளைந்து வளைந்து தின்று மரத்தின் உணவுப் பாதையை அறுத்துவிடும். நகரத்தில் அப்போது சுமார் 860,000 ஆஷ் மரங்கள் இருந்தன. பத்தாண்டுக்குள் பெரும்பகுதி போய்விட்டது. எங்கள் வீதியில் அடிமரங்களில் இலக்கமும் புள்ளியும் தீட்டிவிட்டுப் போனார்கள். பிறகு லொறி வந்தது. அடிக்கட்டையை அரைத்து மண் போட்டுப் புல் விதைத்தார்கள். தெரியாதவர்கள் பார்த்தால் அங்கே ஒன்றும் இருந்ததில்லை.

எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்கவில்லை. பூங்காக்களிலும் சில வீதிகளிலும் நல்ல உடல்நிலையில் இருந்த பெரிய ஆஷ் மரங்களுக்கு மருந்து ஏற்றினார்கள். அடிமரத்தில் சிறு துளைகள் இட்டு, குப்பிகளை மாட்டி, மரம் தானே உறிஞ்ச விடுவார்கள். ஓர் ஆண்டு விட்டு ஓர் ஆண்டு திரும்பச் செய்ய வேண்டும். அந்த மருந்து என்ன என்று தெரிந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. வேப்பங்கொட்டையில் இருந்து எடுக்கும் அசாடிராக்டின். கனடிய வனச் சேவை ஆய்வாளர்கள் பங்களித்து ஆக்கிய மருந்து அது. எங்கள் முற்றத்தில் வேப்பமரம் நின்றது. பங்குனியில் அதுவும் பழுத்து மஞ்சளாய்க் கொட்டும், அம்மா விடிய எழும்பிக் கூட்டுவார், அடுத்த கிழமை செந்தளிர் வரும். அந்த மரத்தின் கொட்டை இந்தக் குளிர்நாட்டு மரத்தின் உடலில் ஓடி, செப்ரெம்பரில் ஓர் ஊதா இலையை எங்களுக்கு மிச்சம் வைத்திருக்கிறது. மருந்து ஏற்றிய ஆஷ் ஒன்றைக் கண்டால் நான் கையை வைத்துப் பார்க்காமல் போவதில்லை.

2013 டிசம்பரில் வந்த பனிக்கட்டி மழையும் இந்த வரலாற்றில் சேர வேண்டும். நத்தாருக்கு முன் இரண்டு நாள் பெய்த மழை கிளையில் பட்டதும் உறைந்தது. இருளில் கிளை முறியும் வெடிச்சத்தம் விடிய விடியக் கேட்டது. மின்சாரம் இல்லை, சூடு இல்லை. உடையும் தன்மையுள்ள வெள்ளி மேப்பிள்களுக்குத்தான் மிகுந்த சேதம். பாமர்ஸ்ரன் பூலவாட் போன்ற பழைய வீதிகளில் இன்னும் அந்தக் கிழட்டு வெள்ளி மேப்பிள்கள் நிற்கின்றன. வார்ப்பிரும்பு விளக்குக் கம்பங்களுக்கு மேலே ஒக்டோபர் நடுவில் அவற்றின் மஞ்சள் கவிந்திருப்பதைப் பார்க்கலாம். நூறு ஆண்டு கடந்த மரங்கள். பார்க்க விரும்புகிறவர்கள் பிந்தாமல் போக வேண்டும்.

மார்க்கம் பக்கம் புதுக் குடியிருப்புகளில் வேறு நிறம். அங்கே இளமரங்கள் ஒக்டோபர் முதற் பாதியிலேயே ஒரே அளவாய், ஒரே சிவப்பாய் நிற்கும். அவற்றில் பல ஃபிறீமன் மேப்பிள். 1933 இல் அமெரிக்கத் தேசிய மரத்தோட்டத்தின் ஒலிவர் ஃபிறீமன் சிவப்பு மேப்பிளையும் வெள்ளி மேப்பிளையும் கலந்து உண்டாக்கிய இனம். வெள்ளியின் வேகமும் சிவப்பின் நிறமும் சேர்ந்தது. அதன் பேர்பெற்ற வகைக்கு 'ஓட்டம் பிளேஸ்' என்றே பெயர். அதாவது இலையுதிர் நிறத்துக்காகவே தெரிந்து விற்கும் மரம். அழகாக இருக்கிறது. ஆனால் ஒட்டுக்கன்றும் பதியமும் என்பதால் வீதி முழுவதும் ஒரே மரத்தின் நகல்கள். ஒன்றுக்கு வந்த நோய் எல்லாவற்றுக்கும் வரும். எல்மையும் ஆஷையும் பார்த்த பிறகு அந்த ஒரே சிவப்பு எனக்குக் கவலையையும் சேர்த்தே தருகிறது.

இப்போது நகரசபை ஒரே இனத்தை வரிசையாக வைப்பதைத் தவிர்க்கிறது. வீட்டுக்கு முன்னால் வீதியோரப் பட்டி நகரத்துக்குச் சொந்தம். வீட்டுக்காரர் கேட்டால் அதில் இலவசமாக மரம் நட்டுத் தருவார்கள். பட்டியலில் ஹக்பெரி, கென்ரக்கி கோப்பி மரம், முள்ளில்லாத ஹனி லோக்கஸ்ட், லிண்டன், ஜின்கோ என்று பலவகை உண்டு. பெரும்பாலும் எல்லாம் மஞ்சள். ஜின்கோவின் மஞ்சள் மட்டும் தனி: கடும் உறைபனி விழுந்த காலையில் ஒரே நாளில், சில மணி நேரத்தில், எல்லா இலையையும் கொட்டிவிடும்.

என் மூன்றாம் வீட்டுப் பிள்ளை, வவுனியாவில் இருந்து வந்தவள், போன வசந்தத்தில் மரத்துக்கு விண்ணப்பம் போட்டாள். சிவப்பு மேப்பிள் கேட்டிருக்கிறாள், வந்தது ஹக்பெரி. ஆஷ் நின்ற அதே இடத்தில் நட்டுவிட்டுப் போனார்கள். என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"மாஸ்ரர், இது எப்ப சிவக்கும்?"

"இது சிவக்காது, பிள்ளை. மங்கல் மஞ்சள்தான். ஆனால் எல்ம் நின்றதுபோல நிற்கும். உப்புத் தாங்கும், காஞ்ச மண்ணும் தாங்கும். அந்த எல்ம் நோயும் இதைத் தொடாது."

"எவ்வளவு காலம் எடுக்கும்?"

"உங்கட மகன் வீடு வாங்குற வயசில நிழல் தரும்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு மகனைக் கூப்பிட்டு, அடிமரத்தைச் சுற்றிக் கட்டியிருந்த பச்சைத் தண்ணீர்ப் பையை எத்தனை நாளுக்கு ஒருமுறை நிரப்ப வேண்டும் என்று என்னிடம் கேட்கச் சொன்னாள். முதல் இரண்டு கோடையும் கிழமைக்கு ஒருக்கால், மழை பெய்யாவிட்டால் இரண்டு தரம் என்றேன். அவன் குழாயைத் திறக்க ஓடினான்.